மோழை

நான்காம் அடுக்கு, கீழிருந்து இரண்டாம் இழுப்பறை.
பாதி வரும், அப்புறம் சிக்கும்.
டிசம்பர் தில்லியில் இரும்பைத் தொட்டால் விரல் கூசும்,
அதனால் முழங்கையால் ஒரு இடி.
உள்ளே, பழைய உருது நாளிதழில் பொதிந்து
ஒரு மூக்கு.

மூக்கு மட்டும்.
மிச்சக் காண்டாமிருகம் எங்கே என்றால்
தீவான் சிங் கூரையைப் பார்ப்பார்.
சீட்டில் நீல மை கலங்கியிருக்கிறது:
சிவாலிக். கொம்பற்றது.

உஸ்மா படமெடுப்பாள். நான் எண் ஒட்டி
கணினியில் ஒரு கட்டத்தைத் தட்டுவேன்.
கொம்பு உண்டு. கொம்பு இல்லை.
மூன்றாவது கட்டம் கிடையாது.
ஒன்பது மாத ஒப்பந்தம், கழுத்தில் மஞ்சள் கயிறு.
நீலக் கயிற்றுக்காரர்களுக்குத் தனிக் கெட்டில்.

வகைப்பாட்டுக்குள் போனவர்கள் வழி தவறியிருக்கிறார்கள்.
எகிப்தில் ஒன்று, மூக்கின்மேல் இரட்டைக் கோபுரம்,
பார்வைக்குக் காண்டாமிருகம், கொடிவழி யானையோடு.
அமெரிக்காவில் ஒன்றின் மண்டையில் ஆறு முண்டுகள்,
சொந்தம் கொண்டாட இன்று ஒருவரும் இல்லை.
சிவன் பெயர் சூட்டிய நம் பக்கத்து மிருகத்தை
யானைக்கும் மாட்டுக்கும் நடுவில் கொஞ்ச காலம் நிறுத்திவைத்து
பிறகு ஒட்டகச்சிவிங்கி வீட்டில் சேர்த்தார்கள்,
குட்டைக் கழுத்தோடு.

தரையில் நடந்த பாலூட்டிகளில்
ஆகப் பெரியவற்றுள் ஒன்று, மோழை.
பலூசிஸ்தானத்து மண்ணில் கிடைத்தது.
இரண்டாம் மாடி சன்னலுக்குள் தலை நீட்டியிருக்கும்.
காண்டாமிருக வம்சம்தான், கொம்பு மட்டும் இல்லை.
பெயரைத் திரும்பத் திரும்ப மாற்றினார்கள்.
'உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு' என்று
என்னைக் கேட்டவர்களின் உயரத்தை
ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

கோடு என்றால் கொம்பு. தந்தம். மலையுச்சி.
கோடு என்றால் கோடும்தான்,
நோட்டில் இரண்டு பத்தி பிரிக்க
அடிக்கோல் வைத்து நான் இழுத்தது.
எழுத்துக்கே கொம்பு வைப்பவர்கள் நாங்கள் என்று
உஸ்மாவுக்கு எழுதிக் காட்டினேன்.
தெ, ஒற்றைக் கொம்பு. தே, இரட்டை. த, மோழை.
'எங்களுக்குப் புள்ளி' என்றாள்.
'மேலே இருப்பது கீழே இறங்கினால்
கடவுள் பிரிவாகிவிடும்.'
பிறகு மூக்கைப் பொதிந்திருந்த தாளை நீவி
சிமெண்ட் விலையை வாசித்தாள்.

கையுறையில் கட்டைவிரல் கிழிந்திருந்தது.
அந்தக் கிழிசலில்தான் பட்டது:
மூக்கெலும்பின் நுனியில், ஒரு பட்டாணி அகலத்தில்
சொரசொரப்பு.
காலிஃப்ளவரின் மேல்புறம் மாதிரி.
மற்ற இடமெல்லாம் வழவழ.

காண்டாமிருகக் கொம்பு எலும்பல்ல.
மயிர், நகம், அந்தச் சாதி.
மாட்டுக் கொம்புக்குள் எலும்பு உண்டு,
மான் கொம்பு முழுக்க எலும்பு, உதிர்ந்தாலும் கிடக்கும்.
இது மட்கிப்போகும்.
கல்லாகிறபோது கல்லுக்கு நினைவிருப்பது
அது பிடித்து நின்ற இடம் மட்டும்.

முயல்கொம்பு என்பார்களே, அது வேறு.

பேராசிரியர் நௌட்டியால் லென்ஸை வைத்துப் பார்த்தார்.
விளக்கை நகர்த்தச் சொன்னார்.
'பெண்ணாக இருக்கலாம். சின்னதாக ஒன்று இருந்திருக்கலாம்.
ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.
மார்ச்சுக்குள் முடிக்கணும், தெரியுமில்லையா?'
நீலக் கயிறு மேசைமேல் ஆடியது.

நான் எதையும் தட்டவில்லை.
தட்டாமல் அடுத்த எண்ணுக்குப் போக விடாது கணினி.
சிவப்பாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.
உஸ்மா குழல்விளக்கை அணைத்தாள்,
அப்போதும் கேட்டது.

ராஜீவ் சௌக்கில் மாறி
பெண்கள் பெட்டியில் கதவோரம் நின்றேன்.
சுரங்க இருட்டில் கண்ணாடி என் முகத்தைக் காட்டியது.
மூக்குத்தி கழற்றி ஆறு வருடம்.
துளை தூர்ந்துவிட்டது, கண்ணுக்குத் தெரியாது.
கட்டைவிரலை வைத்தேன்.
எதிரே நின்ற பெண் என்ன நினைத்தாளோ,
அவளும் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.